மறக்கும் நினைவகமும் மறவாச் சேமிப்பகமும்

நுழையும்முன்

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது. அடுத்த கணினியைக் கடைக்குச் சென்று வாங்கும்போது தெரிவு செய்யும் பொறுப்பு நம்முடையதாகிறது. அங்கே நாம் முதலில் கேட்பது விலையை. அடுத்துக் கேட்பது ‘எத்தனை ஜிபி?’ என்பதை. எதனுடைய ஜிபி என்று கேட்போர் சிலரே. ஒரே அலகால் அளக்கப்படும் இரு வேறு உறுப்புகளைப் பிரித்தறிய உதவுகிறது இப்பாடம்.

பெயரால் வந்த மயக்கம்

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, தறித்தொழில் செய்யும் அவருடைய தந்தை பல மாதக் கூலியிலிருந்து மிச்சம்பிடித்து ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். மூன்று திங்கள் கழித்து அம்மாணவி அதனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். “ஐயா, நினைவகம் ஆயிரம் ஜிபி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால், பாடக்குறிப்பையும் இணையப் பக்கத்தையும் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. அப்பாவிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது” என்றார்.

கணினி ஆசிரியரும் நானும் அதனைத் திறந்து பார்த்தோம். ஆயிரம் ஜிகாபைட் இருந்தது உண்மைதான். ஆனால், அது சேமிப்பகத்தின் அளவு. நினைவகம் 4 ஜிகாபைட் மட்டுமே.

இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. வழக்கில் ‘நினைவு’ என்பது நீடித்து நிற்பதைக் குறிக்கும். கணினியிலோ, நினைவகம் எனப்படுவது மின்சாரம் நின்ற கணமே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. நினைவில் வைத்திருப்பது சேமிப்பகமே. கலைச்சொல் பொருத்தமில்லாதது என்று கூற வரவில்லை. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் செல்லும் திசை வேறு என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். ‘ரேம்’ என்று கடையில் வழங்குவது நினைவகத்தையே.

நூலக மேசை

ஒரு பெரிய நூலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சுவரெங்கும் நிலையடுக்குகள், நடுவே நாம் அமர்ந்து படிக்கும் மேசை. அடுக்குகளில் நூல்கள் எத்தனை ஆண்டுகளானாலும் இருக்கும். ஆனால், அடுக்கில் உள்ள நூலை அங்கேயே படிக்க இயலாது. மேசைக்குக் கொண்டுவந்து விரிக்க வேண்டும். அடுக்கு சேமிப்பகம், மேசை நினைவகம், படிப்பவர் மையச் செயலகம். நூலகம் மூடும் வேளையில் மேசை துடைத்து வைக்கப்படும். மேசையில் எழுதியதை அடுக்கில் வைக்காமல் எழுந்து சென்றால் அது போயிற்று. ‘சேமி’ என்னும் கட்டளையை அழுத்தாமல் மின்தடைக்கு ஆளானோர் இதனை நன்கு அறிவர்.

மேசை சிறிதாயின் என்ன நிகழும்? நான்காவது நூலை விரிக்க இடமின்றி, முதல் நூலை அடுக்கில் வைத்துவிட்டு வர வேண்டும். பிறகு முதல் நூல் தேவைப்பட, மற்றொன்றை எடுத்துச்செல்ல வேண்டும். படிக்கும் நேரத்தைவிட நடக்கும் நேரம் மிகுதியாகிவிடும். அம்மாணவியின் கணினி ‘நின்றுபோனதாக’த் தோன்றியதற்குக் காரணம் இதுவே. அது சும்மா நிற்கவில்லை, ஓயாமல் நடந்துகொண்டிருந்தது.

அந்த நடையின் தொலைவையும் கணக்கிடலாம். நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க நொடியின் நூறில் ஒரு பங்கு ஆகும். மடிக்கணினிகளில் பரவலாக இருந்த வன்தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது. உரிய இடம் படிமுனைக்குக் கீழே சுழன்று வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். இயங்கும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்எஸ்டி என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மேசையிலுள்ள நூலை எடுக்க ஒரு நொடி ஆகும் என்று கொண்டால், எஸ்எஸ்டியிலிருந்து எடுத்துவரப் பதினேழு நிமிடம் ஆகும். வன்தட்டிலிருந்து எடுத்துவர ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து மேலும் சில மணிநேரம் ஆகும்.

ஒழுகும் குடம்

நினைவகம் ஏன் மறக்கிறது? ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய இராபர்ட் டென்னார்ட், ஒரே ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு நுண்ணிய மின்தேக்கியையும் கொண்டு ஒரு பிட் செய்தியை வைக்கும் முறையைக் கண்டறிந்து 1968ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இன்றைய மடிக்கணினி நினைவகத்தின் அடிப்படை அதுவே. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழியம். இம்மின்தேக்கி ஒழுகும் குடத்தைப் போன்றது. நீர் வற்றுமுன் மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பதினைந்து முறை, எல்லாக் குடங்களும் பார்க்கப்பட்டு நிரப்பப்படுகின்றன. மின்சாரம் நின்றால் நிரப்புவார் இல்லை.

எஸ்எஸ்டியில் மின்னூட்டம் காப்புச்சுவருக்குள் அடைக்கப்படுவதால் மின்சாரமின்றியும் தங்குகிறது. அதுவும் என்றென்றைக்கும் அன்று. பல்லாண்டுகள் மின்னிணைப்பே இன்றிக் கிடந்தால் அங்கும் கசிவு நேரலாம்.

தமிழ் எவ்வளவு இடம் கொள்ளும்?

சேமிப்பகத்தில் எழுத்துக்குத் தேவையான இடத்தைக் கண்டால் வியப்பே ஏற்படும். ‘தமிழ்’ என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் இது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். இணையத்தில் பெருவழக்காக உள்ள யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகும். ஆக, பதினைந்து பைட். இப்பெயரையே ஆங்கில எழுத்துகளில் எழுதினால் ஐந்து பைட் போதும். இந்த ஏற்றத்தாழ்வு தமிழறிஞர்களை உறுத்தாமல் இல்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே குறியீடு தரும் டேஸ்-16 முறையையும் ஒருங்குறியுடன் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஏற்றது.

ஆயினும், மும்மடங்கு இடம் கொண்டாலும் எழுத்தின் சுமை மிகச் சிறிது. திருக்குறளில் 1330 குறட்பாக்கள். குறளுக்கு ஏழு சீராக 9310 சீர்கள். சீருக்கு ஏழு குறியீடு என்று கணக்கிட்டாலும் நூல் முழுவதும் இரண்டு இலட்சம் பைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் நான்கு மெகாபைட் அளவுள்ள ஒரு நிழற்படம் பிடிக்கும் இடத்தில் இருபது திருக்குறள் நூல்களை வைக்கலாம். இடத்தை உண்பவை படமும் காணொலியுமே. நொடிக்கு ஐந்து மெகாபிட் வீதம் பதிவான காணொலி, மணிக்கு இரண்டேகால் ஜிகாபைட் ஆகும்.

தெரியுமா?

ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் வன்தட்டு, இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அதன் கொள்ளளவு நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு.

எவ்வளவு போதும்?

நிலவுக்கு மனிதரை அழைத்துச்சென்ற அப்பல்லோ கலத்தின் வழிகாட்டுக் கணினியில் இருந்த தற்காலிக நினைவகம் ஏறத்தாழ நான்கு கிலோபைட்தான். ஆகவே, அளவு என்பது பணியைப் பொறுத்தது.

விண்டோஸ் 11 இயக்கமுறைமைக்குக் குறைந்த அளவாக 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பகமும் சொல்லப்பட்டுள்ளன. ‘குறைந்த அளவு’ என்பது கணினி தொடங்குவதற்கு உரியது. நாம் பணி செய்வதற்கு உரியதன்று. இயக்கமுறைமையே இரண்டு மூன்று ஜிகாபைட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சியதை உலாவியின் சில பக்கங்கள் நிரப்பிவிடும். எழுதுதல், படித்தல், இணைய வகுப்பு, தொடக்கநிலை நிரலாக்கம் ஆகியவற்றைச் செய்யும் மாணவருக்கு 8 ஜிகாபைட் நினைவகம் பொருந்தும். காணொலித் தொகுப்பு, பொறியியல் வரைபடம், கைப்பேசிச் செயலி உருவாக்கம் எனச் செல்வோர் 16 ஜிகாபைட்டை நாடலாம். அதற்குமேல் கொடுக்கும் பணம், பெரும்பாலான மாணவர்க்குத் துடைத்து வைத்த வெற்று மேசைக்குக் கொடுக்கும் வாடகையே.

சேமிப்பகத்திற்கு வருவோம். உறையில் 256 ஜிகாபைட் என்றிருக்கும்; விண்டோஸ் திரையில் 238 என்று தெரியும். ஏமாற்று அன்று. உற்பத்தியாளர் நூறு கோடி பைட்டை ஒரு ஜிகாபைட் என்கிறார். விண்டோஸ் 1024-இன் மடங்குகளால் வகுத்துக் காட்டுகிறது. இதில் இயக்கமுறைமையும் செயலிகளும் எண்பது ஜிகாபைட் எடுத்தாலும், அறுபது மணிநேரப் பாடக் காணொலிக்கு இடம் இருக்கும். மாணவருக்கு 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி போதும் என்பதே என் கருத்து. மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் 64 ஜிகாபைட் கருவிகளில், சில மாதங்களிலேயே இயக்கமுறைமையின் புதுப்பிப்புக்குக்கூட இடமிராது.

கையில் உள்ள பணம் அளவானதாயின் நினைவகத்திற்கே முதலிடம் தருக. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட வழியில்லை. சேமிப்பகத்திற்கோ புறவன்தட்டு முதலிய துணைகள் உண்டு. ‘நினைவகம் கூட்டச் செருகுவாய் இருக்கிறதா?’ என்று வாங்கும் முன்னரே கேட்டுவிட வேண்டும். நல்வாய்ப்பாக அம்மாணவியின் கணினியில் ஒரு செருகுவாய் காலியாக இருந்தது. அதில் மேலும் 4 ஜிகாபைட் சேர்த்து, வன்தட்டை எடுத்துவிட்டு 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி பொருத்தினோம். புதிய கணினியின் விலையில் சிறுபகுதியே செலவாயிற்று. கழற்றிய வன்தட்டை ஓர் உறையில் இட்டு வெளிச்சேமிப்பகமாக அவரிடமே தந்தோம்.

ஒற்றைப் படியின் இடர்

அந்த வன்தட்டுக்கு இன்னொரு வேலை இருந்தது. எவ்வளவு பெரிய சேமிப்பகமும் ஒருநாள் பழுதாகும், கீழே விழும், திருடுபோகும். உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது ஓர் ஏட்டில் சிதைந்திருந்ததை மற்றோர் ஏட்டைக் கொண்டு சரிபார்க்க முடிந்தது. பல ஊர்களில் பல படிகள் இருந்ததாலேயே அது இயன்றது. இறுதியாண்டில் அம்மாணவி தம் ஆய்வேட்டின் ஒரு படியைக் கணினியிலும், ஒன்றை அவ்வன்தட்டிலும், ஒன்றை மின்னஞ்சலிலும் வைத்திருந்தார். முழு ஆய்வேடும் ஒரு மெகாபைட்டைத் தாண்டவில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக் கணினி ஒன்றின் நினைவக அளவையும் சேமிப்பக அளவையும் கண்டறிந்து எழுதுக. உங்கள் பெயரை ஒருங்குறியில் எழுத எத்தனை குறியீடுகள், எத்தனை பைட் தேவை என்று கணக்கிட்டு வகுப்பில் ஒப்பிடுக.