கணித ஆய்வக ரெக்கார்டுக்கு எக்ஸெல் உதவுமா?

விருத்தாசலத்தில் என்னிடம் கம்ப்யூட்டர் கற்க வரும் பிளஸ் டூ மாணவர்கள் சிலர், கணித ஆய்வக ரெக்கார்டையும் கொண்டுவந்து காட்டுவார்கள். வண்ணத் தலைப்பு, அழகான பார்டர் எல்லாம் இருக்கும். அளந்து எழுதிய எண்கள்தான் இருக்காது. மதிப்பெண் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குறை வராது.

சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ கணிதத்தில் எழுத்துத் தேர்வுக்கு 80, அகமதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண்கள். அந்த 20ல் 10 பருவத் தேர்வுகளுக்கு. மீதி 10 ஆய்வகச் செயல்பாடுகளுக்கு. ஆண்டு முழுவதும் செய்த செயல்பாடுகளுக்கும் ரெக்கார்டுக்கும் 5, ஆண்டு இறுதியில் செய்து காட்டுவதற்கு 3, வாய்மொழிக் கேள்விகளுக்கு 2. ஆக, கடைசி வாரத்தில் பிரின்ட் எடுத்துக் கட்டிய ரெக்கார்டு மட்டும் போதாது.

ஓர் உதாரணம் செய்து பார்ப்போம். நம்மூர் செராமிக் பொம்மைகளை வைக்க, 30 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலமுள்ள அட்டையில் மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். நான்கு மூலைகளிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி மடிக்கிறோம். எவ்வளவு வெட்டினால் கொள்ளளவு அதிகம்?

1. எக்ஸெலைத் திறந்து ஏ2 கட்டத்தில் 0.5 என்றும், ஏ3 கட்டத்தில் 1 என்றும் டைப் செய்யுங்கள்.
2. இரண்டையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தை 6.5 வரும்வரை கீழே இழுங்கள்.
3. பி2 கட்டத்தில் =ஏ2*(30-2*ஏ2)*(14-2*ஏ2) என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். (ஏ என்பதை ஆங்கில எழுத்தாக டைப் செய்யவும்.) இதையும் கீழே இழுங்கள்.
4. இரண்டு பத்திகளையும் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் ஸ்கேட்டர் சார்ட்டை கிளிக் செய்யுங்கள்.

2.5க்கு 562.5, 3க்கு 576, 3.5க்கு 563.5 கன செ.மீ. வரும். வரைபடத்தின் உச்சி 3ல் இருப்பதும் தெரியும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். நிஜ அட்டையை வெட்டி, மடித்து, அளந்த எண்களை ரெக்கார்டில் கையால் எழுதுங்கள். நோக்கம், பொருட்கள், செய்முறை, உற்றுநோக்கல், முடிவு, பயன் என்ற வரிசை நல்லது.

வாய்மொழித் தேர்வில், "வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் 35/3 என்ற விடையும் வருகிறதே, அதை ஏன் விட்டாய்?" என்று கேட்கலாம். 14 செ.மீ. அகலத்தில் இருபுறமும் 7 செ.மீ.க்கு மேல் வெட்டவே முடியாது. அட்டையைக் கையால் வெட்டிப் பார்த்தவர் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.