ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ணுவீங்க?

பிளேஸ்மென்ட்டுக்காக "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" பதிலை எல்லாரும் மனப்பாடம் பண்ணிடுறோம். ஆனா எச்ஆர் திடீர்னு "ஹவ் டூ யூ ஸ்பெண்ட் யுவர் சண்டேஸ்?"னு கேட்டா? சாதாரணக் கேள்வி. நிறைய பேர் திணறுவது இங்கேதான்.

காரணம் தமிழ்லயே இருக்கு. "தினமும் காபி குடிக்கிறேன்", "இப்போ காபி குடிக்கிறேன்", ரெண்டுக்கும் ஒரே 'குடிக்கிறேன்'. ஆங்கிலம் அதைப் பிரிச்சிடும்: பழக்கம்னா 'ஐ டிரிங்க்', இந்த நிமிஷம் நடக்குதுன்னா 'ஐ ஆம் டிரிங்கிங்'. நாம தமிழ்ல யோசிச்சு, "டெய்லி ஐ ஆம் டிரிங்கிங் காபி"னு சொல்லிடுறோம். "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?" என்பதும் இதே வகைதான். அப்பா இப்போ என்ன செஞ்சுட்டு இருக்கார்னு யாரும் கேட்கலை, தொழில் என்னன்னு கேட்கிறாங்க. "ஹீ இஸ் எ ஃபார்மர்" போதும்.

இன்னைக்கே மெஸ்ஸுக்கு நடக்கும்போது ரூம்மேட்டிடம் கேளுங்க: "வாட் டைம் டூ யூ வேக் அப்?" "சிக்ஸ்"னு ஒரே வார்த்தையில முடிச்சா விடாதீங்க. "ஒய் ஸோ இயர்லி?"னு கேளுங்க. பேச்சு வளர்வது அந்த ரெண்டாவது கேள்வியிலதான். அடுத்து, "வாட் டிட் யூ ஈட் எஸ்டர்டே?" பதில்ல 'ஈட்', 'ஏட்' ஆகணும். (மெஸ் சாம்பாரைத் திட்டவும் நல்ல வாய்ப்பு!)

என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு ஒண்ணு. யாராவது தப்பா சொன்னா சிரிக்காதீங்க, பாதியில நிறுத்தித் திருத்தவும் வேண்டாம். சரியான வாக்கியத்தை உங்க பதில்ல வச்சுப் பேசிட்டே போங்க: "ஓ, யூ டிரிங்க் காபி டெய்லி? மீ டூ."