1867-க்கு முன்னால் புசல்லாவையில்

அன்புள்ள மகளுக்கு,

‘கோப்பி நோயில் அழிந்தது, அதனால் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார்’ என்று உன் ஒப்படையில் எழுதியிருக்கிறாய். பழி முழுவதும் உன்மேல் இல்லை. சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களிலும் இதே வரிதான் ஓடுகிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்தால் அது நிற்காது. டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. கோப்பி இலைத்துரு இலங்கையில் பதிவானது 1869. வராத நோய்க்கு யார் மருந்து தேடுவார்?

அதுவும் புசல்லாவைப் பிள்ளை இப்படி எழுதலாமா? மொரிஸ் டி வார்ம்ஸ் 1841-இல் சீனப் பயணத்திலிருந்து கொண்டுவந்த தேயிலையை நட்டது உன் ஊர் ரொத்சைல்ட் தோட்டத்தில்தான். அவரும் சகோதரர் கேப்ரியலும் ரொத்சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் உறவினர். தோட்டத்தின் பெயர் அந்த வழியில் வந்தது. அதற்கும் முன்பு, 1839-இல், பேராதனைப் பூங்காவுக்கு அசாம் விதை வந்துவிட்டது. ஆகவே டெய்லர் இந்தத் தீவில் முதல் தேயிலைச் செடியை நட்டவர் அல்லர். அதை ஒரு தொழிலாக நிலைக்கச் செய்தவர். இரண்டும் வேறு வேறு. டெனிஸ் ஃபாரஸ்ட் இலங்கைத் தேயிலையின் நூறாண்டு பற்றி எழுதிய பெரிய நூலும் 1867 முதல் 1967 வரை என்று தலைப்பிலேயே கணக்கைக் கட்டிவிட்டது. நூற்றாண்டு கொண்டாடுகிறவர்களுக்கு ஒரு தொடக்க ஆண்டு வேண்டும். 1841 பாவம், விழாவுக்கு உதவாத ஆண்டு.

வார்ம்ஸின் தேயிலை ஏன் பரவவில்லை? மண்ணில் குறையில்லை, இன்று அதே மலைகளைப் பார். அன்று பணம் கோப்பியில் இருந்தது. கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் 1820களில் தொடங்கிய கோப்பி, 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. உருட்டி, வறுத்து, கைவேலையாகத் தேயிலை செய்ய அப்போது யாருக்குப் பொறுமை?

அந்தக் கைவேலை கேட்கும் பொறுமையைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. புசல்லாவையில் ஒரு குடும்பம் சனி, ஞாயிறு இரண்டு நாளில் தேயிலையைக் கையால் செய்து பார்த்தது. வீட்டு வேலியோரம் அவர்களுக்குச் சில தேயிலைச் செடிகள் உண்டு. (நீ தோட்டத்துக் கொழுந்தில் கைவைத்துவிடாதே; அதற்கு வேறு பெயர்.) சனி காலை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, சாக்கில் பரப்பி வாடவிட்டார்கள். வாட்டுவதற்கு 12 மணிநேரமாவது வேண்டும். வீட்டில் காத்துக் கிடப்பானேன் என்று கம்பளை, பேராதனை வழியாகப் பஸ்ஸில் கண்டி போய், ஹந்தானை தேயிலை நூதனசாலையைப் பார்த்துவந்தார்கள். 1925-இல் கட்டிய தொழிற்சாலைதான் 2001-இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய உருட்டு இயந்திரத்தின் முன் நின்று, “நாளைக்கு இது எங்கள் கைதான்” என்றாள் தாய்.

கைதான் போதும். டெய்லரும் தம் பங்களா விறாந்தையில் மேசைமேல் வைத்துக் கையால் உருட்டித்தான் தொடங்கினார். பிறகு கரியடுப்பில் காயவைத்தார். 1873-இல் அவர் லண்டனுக்கு அனுப்பியது வெறும் 23 இறாத்தல்.

ஞாயிறு விடியலில் அப்பம்மா பலகையில் கொழுந்தை அழுத்தி உருட்டினார். இலை கசங்கும்போது உயிரணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதியம் சாற்றோடும் காற்றோடும் சேர்கிறது. பச்சை செம்பு நிறமாக மாறுவது அதனால். வெறுமனே வெயிலில் காய்ந்த இலையில் அந்த நிறமும் மணமும் வரா. இரண்டு மணிநேரம் விட்டு, தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்தார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. ஒரு கூடை கொழுந்து ஒரு சிறிய டப்பாவுக்குள் அடங்கியபோது வீட்டில் எல்லோர் முகமும் சுருங்கியது.

எதிர்பாராதது அதன்பிறகுதான். விறகு பொறுக்கப் போன சின்னவள் பலாமரத்தடியில் சிவப்புப் பழத்தோடு ஒரு செடியைக் கண்டாள்: கோப்பி. அதன் இலையின் அடிப்புறத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தூள். விரலால் தேய்த்ததும் ஒட்டிக்கொண்டது. அதுதான் துரு! ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். இதை ஆராய 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இலங்கைக்கு வந்தார். அவருடைய கதை ஒரு தனிக் கடிதத்துக்குரியது. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மலை மலையாக ஒரே பயிரை நட்டதுதான் வித்துகள் காற்றில் பரவ வழிசெய்தது என்று அவர் விளக்கினார். தோட்டக்காரர்களுக்கு வேண்டியிருந்தது விளக்கமல்ல, மருந்து. அது அவரிடம் இல்லை. 1882-இல் அவர் திரும்பிப் போனார். அதன்பின் கோப்பி மலைகளைத் தேயிலை பிடித்தது. நோய் தேயிலையைப் பரப்பியது என்று நீ எழுதியிருந்தால் முழு மதிப்பெண். நோய் தேயிலையைத் தொடக்கியது என்றால் பூச்சியம்.

அந்தப் பழங்களைப் பறித்துத் தோல் நீக்கி, கொட்டையைக் காயவைத்திருக்கிறார்கள். காய்ந்ததும் கொத்தமல்லியோடு வறுத்து இடித்து, கித்துள் கருப்பட்டியோடு குடிப்பதாக ஏற்பாடு. தேயிலை ஞாயிறு மாலையே தயார். லேசாகப் புகைமணம் அடித்தது. விறகடுப்பில் வேறென்ன வரும்? அடுத்த சனிக்கிழமை கொழுந்தை முதலிலேயே ஆவியில் வேகவைத்துப் பார்க்கப் போகிறார்கள். அப்போது நொதியம் செயலிழந்து நிறம் பச்சையாகவே நிற்கும். பார்க்க விரும்பினால் காலை எட்டு மணிக்கு முன்னே அவர்கள் வீட்டுக்கு வந்துவிடு. ஒப்படையையும் எடுத்து வா.