கோபத்துக்குப் புகை மருந்தாகுமா?

"மனசு சரியில்லை, ஒரு பீடி இழுத்தால் சரியாகிவிடும்" என்போரை நாம் அன்றாடம் காண்கிறோம். புகை மெய்யாகவே கோபத்தையும் கவலையையும் தணிக்கிறதா? சற்று ஆராய்வோம்.

எளிதில் கவலைப்படும் சுபாவமுடையோரும், சட்டென்று சினம் கொள்வோரும் இப்பழக்கத்தில் சிக்குவது அதிகம் என மனோதத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் சுபாவத்தின் மீதே பழியைப் போட்டுவிட முடியாது. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளையை எட்டி இதமளிக்கிறது. சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. உடனே எரிச்சலும் படபடப்பும் தலைதூக்குகின்றன. அடுத்த பீடி அடக்குவது அந்த எரிச்சலைத்தான். புகைப்பவரோ தம் துயரமே தீர்ந்ததாக எண்ணிக் கொள்கிறார்! தீ வைத்தவனே அதை அணைத்துவிட்டுக் கூலி கேட்பது போன்றது இது.

ரமளானில் இந்த உண்மை வெளிப்பட்டுவிடும். தக்கலையிலும் குளச்சலிலும் கோட்டாற்றிலும் நம் நோன்பு ஏறத்தாழ 13 மணி நேரம். அஸருக்குப் பின் மனைவி மக்களிடம் சீறி விழுபவர், "நோன்புப் பசி" என்கிறார். அதே நோன்பை நோற்ற மனைவியோ அடுப்படியில் சாந்தமாக வேலை செய்கிறார். பசி இருவருக்கும் ஒன்றே. சீற்றம் ஒருவருக்கு மட்டும் ஏன்? மஃரிப் பாங்கு கேட்டதும் பேரீத்தம்பழத்தை வாயிலிட்டு, ஜமாஅத்தையும் விட்டு அவர் வெளியே ஓடுவதே அதற்கு விடை.

எவரேனும் ஏசினால், தாம் நோன்பாளி எனக் கூறி ஒதுங்கிவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கோபத்தின்போது தன்னை அடக்குபவரையே வீரர் என்றார்கள். அந்தப் பயிற்சி மாதத்தில் நம்மை ஆள்வது ஒரு பீடித் துண்டாக இருக்கலாமா?

விட்டவுடன் எழும் எரிச்சல் முதல் வாரத்தில் கடுமையாயிருக்கும். பெரும்பாலோர்க்கு நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடும். 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, புகையை விட்டவர்களிடம் கவலையும் மனச்சோர்வும் குறைந்ததைக் காட்டியது. ஆகவே, பகலில் விட்டதை இரவிலும் தொடாதிருந்தால், பெருநாள் பிறை தோன்றுவதற்குள் கடினமான காலம் கடந்துவிடும். கோபம் வந்தால் ஒளுச் செய்வோம், நின்றால் உட்காருவோம். தனியே இயலாதவர் மருத்துவரை நாடலாம். 1800 11 2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு மெய்யான அமைதியை அருள்வானாக! ஆமீன்.