வெறும் பக்கற்றில் ஒரு சுவர்ச் சித்திரம்



நம் லயத்துக் காம்பராச் சுவரை ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் சாமி படம், இன்னொரு பக்கம் போன வருசத்துக் கலண்டர், மற்ற இடமெல்லாம் அடுப்புப் புகை. பின்பக்கம் போனால் பால்மா பக்கற், பிஸ்கட் உறை, சோப்பு உறை எல்லாம் குவிந்து கிடக்கும். சாயந்தரம் அதை அள்ளி அடுப்பில் போடுகிறோம். இந்த இதழில் அந்தக் குப்பையை அந்தச் சுவருக்குக் கொண்டு வரும் வழியைப் படிப்போம்.

ஏன் எரிக்கக் கூடாது?

பிளாஸ்டிக் எரியும் புகையில் நஞ்சு உண்டு. சிறிய காம்பராவில் அதை முதலில் சுவாசிப்பது சமைக்கும் பெண்ணும் மடியில் இருக்கும் பிள்ளையும்தான். பிளாஸ்டிக் சேர்ந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பரில் அரசாங்கமும் தடை செய்தது. எரிக்காமல் வெளியே வீசினாலும் ஆபத்துத்தான். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து மழைக்கு ஒவ்வொரு டப்பாவிலும் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு முட்டையிடும்.

இது புதிய கலையா?

இல்லை. பிக்காசோ 1912இல் ஓர் ஓவியத்தில் அச்சடித்த மெழுகுச் சீலையை ஒட்டி, சுற்றிவர உண்மையான கயிற்றையே சட்டமாக வைத்தார். பல பொருட்களைச் சேர்த்துச் செய்யும் இதைக் கலப்பு ஊடகக் கலை என்கிறார்கள். கானா நாட்டில் பிறந்த எல் அனட்சுயி, வீசப்பட்ட சாராயப் போத்தல் மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோர்த்துப் பெரிய திரைகள் செய்தார். 2015இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது கிடைத்தது. நம் மலையகத்திலும் ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையே கலைப்பொருளாக்கித் தோட்ட மக்களின் வாழ்வைச் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் செய்த பிழை

முதலில் பிள்ளைக் காம்பராவுக்காகக் கோதுமை மாப் பசையில் உறைகளை ஒட்டினோம். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. மினுங்கும் உறையில் பசை பிடிக்கவில்லை, பிடித்த இடத்தில் பூஞ்சணம் பூத்தது, மிச்சத்தைக் கரப்பான் தின்றது. அதிலிருந்து ஒரு பாடம் படித்தோம்: நம் ஈர நாட்டில் ஒட்டக் கூடாது, தைக்க வேண்டும். படங்கு தைக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை.

தேவையானவை

பால்மா, பிஸ்கட், தேயிலை உறைகள், வெறும் அரிசிச் சாக்கு ஒன்று, பழைய சேலைத் துண்டு, தடித்த நூல், சாக்குத் தைக்கும் ஊசி, கத்தரிக்கோல், இரண்டு மூங்கில் குச்சி. ரப்பர் தோட்டத்தார் காய்ந்த ரப்பர் விதையும் சேர்க்கலாம்.

செய்முறை

1. உறைகளை வெட்டி விரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வையுங்கள். பால் மணம் இருந்தால் எறும்பு வரும்.

2. சாக்கை இரண்டு அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, ஓரத்தை மடித்துத் தையுங்கள். கரித்துண்டால் படத்தின் கோட்டைப் போடுங்கள்.

3. உறைகளை ஓர் அங்குல அகலத்தில் நறுக்கி, நிறம் நிறமாகப் பிரியுங்கள். பால்மா பக்கற்றின் உட்பக்க வெள்ளி நிறம் மழைக்கும் ஆற்றுக்கும் நன்றாக இருக்கும்.

4. கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி தையுங்கள். சேலைத் துண்டைத் தேயிலைச் சாயத்தில் கொதிக்க வைத்தால் மண் நிறம் கிடைக்கும்.

5. மேலும் கீழும் குச்சி கோர்த்து, சுவரில் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுத் தொங்க விடுங்கள். காற்றுப் போனால் ஈரம் தங்காது.

கவனம்

மருந்துப் போத்தல், மருந்து வந்த உறை, உரச் சாக்கு ஆகியவற்றை எத்தனை தரம் கழுவினாலும் இதற்கு எடுக்க வேண்டாம். பச்சை ரப்பர்ப் பருப்பில் நஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் படத்தை மாட்டாதீர்கள். பிளாஸ்டிக் சட்டென்று தீப்பிடிக்கும்.

என்ன படம் செய்வது?

ஒரு கொழுந்தெடுக்கும் அக்கா தேயிலைப் பக்கற்றுகளைக் கொண்டு வந்தார். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு கொழுந்து கிள்ளும் படம். அவர் அந்தச் சிரிப்பைத் துண்டு துண்டாக நறுக்கினார். அதே துண்டுகளால் தன் அம்மாவைத் தைத்தார்: தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு, முன்னால் வெள்ளிக் கம்பியாக மழை. "ஐயா, பக்கற்றுல இருக்கிறது யாருன்னு தெரியாது. இது எங்கம்மா" என்றார். அந்தப் படம் இன்று அவர் காம்பராவில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நம்மைப் பற்றிய படத்தை எத்தனையோ பேர் எடுத்து, அச்சடித்து, விற்றிருக்கிறார்கள். நம் சுவரில் இருக்கும் படத்தையாவது நாமே செய்வோம். இந்தக் கிழமை அடுப்பில் போடப் போகும் உறையை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். வேலை இல்லாத ஞாயிறு ஒன்றில் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஆரம்பியுங்கள்.