மூட்டைக்கு இவ்வளவு என்று எழுதி வையுங்கள்

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். கடன் இல்லை. சொந்த வீடு இருக்கிறது, பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் மனசே வருவதில்லை. போன மாதம், எங்களிடம் பல வருஷமாக மூட்டை தூக்குகிறவர் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு 5,000 ரூபாய் கேட்டார். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொடுத்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது, கொடுக்காவிட்டாலும் உறுத்துகிறது. இந்தப் பணத்தாசையை எப்படி விடுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் தோற்பது, ஒருவர் எதிரே வந்து நின்று கேட்கும் அந்த நேரத்தில்தான். இவர் சொல்வது நிஜமா, இன்று கொடுத்தால் நாளைக்கும் வருவாரா, மஞ்சள் விலை இறங்கினால் என்ன செய்வது என்று மனசு அப்போது நூறு காரணம் சொல்லும். அதனோடு வாதாடி ஜெயிக்க முடியாது. கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை அந்த நேரம்வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இதற்கான வழி உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. விருதுநகர், சிவகாசி நாடார் வணிகர்கள் கொடுத்துவந்த மகமையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாங்கி விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பொதுக்காரியத்துக்குக் கொடுப்பார்கள். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, ஊரார் கொடுத்த மகமையிலும் வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளிக்கூடம். காமராஜர் படித்தது அங்கேதான்.

அந்தப் பிடி அரிசி எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் எந்த வீட்டிலும் மிச்சம் இருக்காது.

மகமையில் இன்னொரு நுட்பமும் உண்டு. அது மூட்டைக் கணக்கு, லாபக் கணக்கு அல்ல. லாபத்தில் இத்தனை பங்கு என்று வைத்தால், ஆசை முதலில் லாபத்தையே குறைத்துக் காட்டும். "இந்த மாதம் எங்கே லாபம்?" என்று கேட்கும். மூட்டை எத்தனை போனது என்பதில் மனசு ஏமாற்ற முடியாது. இஸ்லாத்தின் ஜகாத்தும் இப்படித்தான்: நிஸாப் எனப்படும் குறைந்தபட்ச அளவை எட்டிய செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் நின்றால் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். வியாபாரச் சரக்கும் அதில் சேரும். அன்றைய மனநிலைக்கு அங்கே வேலையே இல்லை.

மூட்டைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 300 மூட்டை கைமாறினால் 6,000 ரூபாய். லோடு ஏறும் அன்றைக்கே பேரேட்டில் 'தர்மம்' என்று தனித் தலைப்பில் பற்று எழுதி, வாரக் கடைசியில் அந்தப் பணத்தை வேறொரு பேங்க் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் அது உங்கள் பணம் இல்லை. அடுத்த முறை ஒருவர் ஃபீஸுக்குக் கேட்கும்போது, எழுதி வைத்ததை உரியவரிடம் சேர்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை. மனசு அடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

சேர்ந்த பணத்தைத் தேங்கவும் விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைக் காலி செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு சேமிப்பாகி, அதன் மேலும் ஆசை வந்துவிடும். பாதியைத் தெரிந்த மனிதர்களின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும், மீதியை நேரில் போய்ப் பார்த்து நம்பிக்கை வந்த ஒரு நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்.

ஆரம்பத்தில் வலிக்கும். வலிக்கிறதே என்று தொகையைக் குறைக்காதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். ஒரே நாளில் ஒரு லட்சம் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோவதைவிட, மூட்டைதோறும் எழுதும் 20 ரூபாய்தான் உங்களை மாற்றும். மனசு திருந்திய பிறகு கை கொடுக்கும் என்பது அபூர்வம். கை கொடுத்துப் பழகினால் மனசு தானாகப் பின்னால் வரும்.

ஒன்றே ஒன்று மட்டும் இந்தக் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த மூட்டை தூக்குகிறவரை இன்றைக்கே நீங்களாகக் கூப்பிடுங்கள். ஃபீஸ் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். கட்டவில்லை என்றால் முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள், கடனாக அல்ல.