கடன் அட்டையும் கடைச் சரக்கும்

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போகும் மளிகைச் சரக்கு முன்பெல்லாம் பெரும்பாலும் மண்டிக் கடனில்தான் போயிற்று. காபித் தோட்டங்களில் கூலி பட்டுவாடா ஆனதும் கடைப் பாக்கி வசூலாகும். அதன்பின் சேலம் லீ பஜாருக்குப் பணம் வரும். இன்று சிறு கடைக்காரர்கள் பலர் கடன் அட்டையைத் தேய்த்துச் சரக்கு எடுக்கிறார்கள். மண்டிக்குப் பணம் உடனே வந்துவிடுகிறது. மெஷின் கட்டணம் யார் தலையில் என்ற பேச்சு தனி.

பில் தேதிக்கு மறுநாள் வாங்கினால் ஏறக்குறைய 45 முதல் 50 நாள் வரை வட்டியில்லாத தவணை கிடைக்கிறது. குறித்த நாளில் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு இது நல்ல வசதிதான். ஆனால் அட்டையில் 2 லட்சம் லிமிட் இருப்பதால், அந்த 2 லட்சமும் நம் கடையின் முதல் என்று நினைத்துக் கொள்முதல் திட்டம் போடுவது கூடாது. அந்த வரம்பை வங்கி எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம்.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று கடன் அட்டைகளுக்கான விதிகளை வெளியிட்டது. வரம்பைக் கூட்டுவதற்கு நமது வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது விதி. குறைப்பதற்கோ சம்மதம் தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். அந்தத் தகவல் பெரும்பாலும் ஒரு குறுஞ்செய்தியாக வருகிறது. விளம்பரச் செய்திகளோடு சேர்த்து அதையும் நாம் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

தவணை தவறியவர்களுக்கு மட்டுமே குறைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு நெருக்கடியின்போது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் ஒரு வாடிக்கையாளரின் வரம்பை 10,800 டாலரிலிருந்து 3,800 டாலராகக் குறைத்தது. அவர் சாமான் வாங்கிய கடைகளில் அட்டை தேய்த்த மற்றவர்கள் ஒழுங்காகப் பணம் கட்டுவதில்லை என்பது கடிதத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று! நமது மண்டியில் ஒருவருக்குக் கடனைக் குறைக்க வேண்டுமானால் அவரது பேரேட்டைப் பார்ப்போம், அவரையும் கூப்பிட்டுக் கேட்போம். பக்கத்துக் கடைக்காரர் பாக்கி வைத்தார் என்பதற்காக இவரைக் குறைப்பதில்லை.

நம் நாட்டிலும் 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது சில வங்கிகள் வரம்புகளைக் குறைத்தன. 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அதுவரை வங்கிகள் 100 ரூபாய் அட்டைக் கடனை 125 ரூபாயாக எண்ணி, அதற்கு ஏற்பச் சொந்த மூலதனம் ஒதுக்கி வந்தன. அது 150 ஆயிற்று. மூலதனம் கூடுதலாக முடங்கும்போது வங்கிகள் கையை இறுக்குவது இயல்பே. அதில் நமது தவறு எதுவும் இல்லை.

ஏற்காட்டுக் கடைக்கு இது எப்படி வந்து சேரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்டை வரம்பு 2,00,000. நிலுவை 60,000, அதாவது 30 சதவீதம். மே மாதக் கோடை விழாவுக்காக 1,20,000 ரூபாய்ச் சரக்கு எடுக்க நினைத்திருக்கிறார். ஏப்ரலில் வரம்பு 80,000 ஆகக் குறைகிறது. இனி அவரால் எடுக்க முடிந்தது 20,000 மட்டுமே. அதோடு நிற்பதில்லை. அவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கடன் வாங்கவில்லை. ஆனாலும் வரம்பில் 75 சதவீதத்தைப் பயன்படுத்துபவர் என்று கணக்காகிறது, சிபில் மதிப்பெண் இறங்குகிறது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் இந்த விவரத்தை 15 நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டியிருப்பதால், வேறு வங்கியில் கடன் கேட்கப் போகும்போது அங்கும் அது தெரிந்துவிடும். இந்த நெருக்கடியில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மாதம் 3.5 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 42 சதவீத வட்டி. புதிதாக வாங்கும் சரக்குக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. மளிகையில் அந்த லாபம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று, தனிநபர் பெயரில் தரப்படும் பல அட்டைகளின் விதிமுறையில் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே இருக்கிறது. ஒரே மண்டியில் மாதாமாதம் பெருந்தொகை தேய்ப்பது வங்கியின் கண்ணில் படும்.

ஆகவே சீசன் சரக்குக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் கணக்கு வைத்துக்கொள்வதே முறை. கடையில் 8 லட்சம் சரக்கு, அதில் மண்டிக்குத் தர வேண்டியது 2 லட்சம் என்றால் மீதி 6 லட்சம். 25 சதவீதம் மார்ஜின் கழித்து 4.5 லட்சம் வரை எடுக்கலாம். இதிலும் வரம்பு குறையும்; ஆனால் ஏன் குறைந்தது என்பது நமது இருப்புப் பட்டியலிலேயே பெரும்பாலும் தெரியும். ஸ்டேட்மெண்ட் கொடுக்கச் சோம்பல்படக் கூடாது, அவ்வளவுதான். சிறு கடைகளுக்கு முத்ரா கடன் ஈடு இல்லாமல் உண்டு. 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்து முன்னுரிமைக் கடன் கேட்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

வரம்பு குறைந்ததாகச் செய்தி வந்தால் முதல் வேலையாக நிலுவையைக் குறையுங்கள். காரணம் கேட்டு வங்கிக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். தகவலே தராமல் குறைத்திருந்து, 30 நாளில் பதிலும் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். ஆனால் பழைய வரம்பைத் திரும்பத் தரும்படி அவர் உத்தரவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்; அது வங்கியின் வியாபார முடிவு.

கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதைத் தை மாதத்திலேயே வாங்கிப் பாருங்கள். கட்டி முடித்த கடன் பாக்கியாகக் காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு தராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கோடை விழாச் சரக்கு எடுப்பதற்குள் அந்த வேலை முடிந்துவிடும்.